ஓட்டம் கூடினால் புள்ளி கூடுமா?

சனி, ஞாயிறு தினங்களில் கோட் டெ நெய்ஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிப் பாடசாலை மண்டபங்களில் எம்மவர் பிள்ளைகள் கூடைப்பந்தாட்டம் ஆடுவதைக் காணச் செல்லும் பெற்றாரின் வாயிலிருந்து அடிக்கடி வெளிவரும் சொல் ‘ஓடு’ என்பதாகும். பந்து கைக்கு வந்ததும் ஓட வேண்டும், ஓடிச் சென்று எறிய வேண்டும், எறிந்ததும் திரும்பி ஓட வேண்டும் என்பதே மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்போரின் ஏகோபித்த கருத்து. நிதானமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு நின்று, நாற்புறமும் பார்த்து, உரிய தோழனுக்கு அனுப்பும் பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்று சொல்லவும் சிலர் தயங்குவதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிள்ளைக்கு அதுவே அர்ச்சனையாகவும் அமைந்துவிடுகிறது.

ஆகவே, வேகமாக ஆடும் அணி அதிக புள்ளிகளைப் பெறுகிறதா, அவ்வாறு பெறுவதனால் அது வெற்றியும் பெறுகிறதா என்பதை இவ்வாரம் சற்று விரிவாக நோக்க விரும்புகிறோம். இவை இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினும் வெவ்வேறானவை.

முதலில் ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்தது முதல் அது எதிரணியின் கைக்குப் போகும் வரையுள்ள காலத்தை ‘வாய்ப்பு’ என்று இங்கே குறிப்பிடுகிறோம். அந்த வாய்ப்பு கூடையில் முடியலாம். குறிதவறிய பந்தை எதிரணி பற்றுவதில் முடியலாம். பந்தைப் பறிகொடுப்பதிலும் முடியலாம். குறிதவறிய பந்தை எறிந்த அணியே மீண்டும் பற்றிக்கொண்டால் அது புதிய வாய்ப்பு அன்று, பழைய வாய்ப்பின் தொடர்ச்சியே. ஓர் ஆட்டத்தில் எத்தனை வாய்ப்புகள் என்பதே அதன் வேகம். நூறு வாய்ப்புகளுக்கு எத்தனை புள்ளிகள் என்பதே ஓர் அணியின் தாக்குதல் திறன்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாய்ப்புகள் இரு அணிகளுக்கும் மாறி மாறியே கிடைக்கின்றன. நாம் கூடையிட்டால் பந்து அவர்களுக்கு. அவர்கள் இட்டால் எமக்கு. ஆட்ட முடிவில் இரு பக்கத்தினதும் வாய்ப்புகளை எண்ணினால் ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் இராது. நாம் விரைந்து ஆடி எமது வாய்ப்புகளை எழுபதிலிருந்து தொண்ணூறாக்கினால், எதிரணிக்கும் தொண்ணூறு வாய்ப்புகளை நாமே கொடுத்தவர்களாகிறோம்.

கிரிக்கெட் அறிந்த எமது வாசகர்களுக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றக்கூடும். 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிகளில் சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் முதற் பதினைந்து ஓவர்களிலேயே அடித்தாடியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஐம்பது ஓவர், முந்நூறு பந்து என்று கணக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. அவர்கள் வேகமாக ஓட்டங்களைக் குவித்தமையால் எதிரணிக்கு மேலதிகமாக ஒரு பந்துதானும் கிடைக்கவில்லை. கூடைப்பந்தாட்டத்தில் வரையறுக்கப்பட்டிருப்பது நேரம் மாத்திரமே. அந்த நேரத்துக்குள் எத்தனை வாய்ப்புகள் என்பதை ஆடுவோரே தீர்மானிக்கின்றனர். கிரிக்கெட் கண்ணோடு கூடைப்பந்தாட்டத்தைப் பார்ப்பதனால்தான் ‘ஓடு, ஓடு’ என்ற குரல் எம்மவர் மத்தியில் இவ்வளவு பலமாக ஒலிக்கிறதோ என்று நாம் எண்ணுவதுண்டு.

இவ்விளையாட்டு பிறந்தபோது அதில் வேகம் என்பதே இருக்கவில்லை. இதனை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்ராறியோ மாகாணத்து அல்மொன்ற் என்ற ஊரிற் பிறந்து, எமது மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்திலே பயின்று, அங்கேயே உடற்பயிற்சி ஆசிரியராகவும் விளங்கியவர். பின்னர் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகருக்குச் சென்று, 1891 டிசம்பரில் இரண்டு பீச் பழக் கூடைகளை மாடத்திலே தொங்கவிட்டு இதனைத் தொடங்கினார். பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. அவ்விரு அணிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய டங்கன் பற்றன் மொன்றியலைச் சேர்ந்தவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பணியாளராக 1894இல் இந்தியாவுக்கு இவ்விளையாட்டைக் கொண்டு சென்றவரும் அவரே என்று விளையாட்டு வரலாற்றில் குறிக்கப்படுகிறது. இந்நகரில் இருந்து புறப்பட்ட ஒருவர் கொண்டுசென்ற ஆட்டத்தை இன்று எம்மவர் பிள்ளைகள் இந்நகரிலே வந்து ஆடுகின்றனர்.

கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால் ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்தே பந்தை எடுக்க வேண்டியிருந்தது. அடிப்பாகம் நீக்கப்பட்ட பின்னரும் ஒவ்வொரு கூடைக்குப் பின்பும் மைதானத்தின் நடுவே பந்தை மேலே எறிந்து மீளத் தொடங்கும் வழக்கம் 1930களின் பிற்பகுதி வரை நீடித்தது. அது ஒழிந்த பின்னரே ஆட்டத்துக்கு ஓட்டம் வந்தது.

ஆயினும் வேகத்தைக் கொல்ல இன்னொரு வழி இருந்தது. 1950 நவம்பர் 22ஆம் திகதி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை எதிர்த்து ஆடிய போர்ட் வெய்ன் பிஸ்ரன்ஸ் அணியினர், லேக்கர்ஸ் அணியின் நெடிய வீரர் ஜோர்ஜ் மைக்கனை நேருக்கு நேர் வெல்ல முடியாது என்பதை உணர்ந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தினர். பார்வையாளர் கூச்சலிட்டனர். முடிவு 19க்கு 18. வென்றவர்கள் போர்ட் வெய்ன் அணியினர். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் வரலாற்றில் மிகக் குறைந்த புள்ளிகள் பெறப்பட்ட ஆட்டம் இதுவே. லேக்கர்ஸ் பெற்ற 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை என்பதைக் கவனித்தால், பலவீனமான அணி ஏன் அவ்வாறு ஆடியது என்பது விளங்கும். இரசிகர்களுக்கு அது அலுப்பூட்டியிருக்கலாம். ஆனால் ஆடியவர்களின் கணக்கிலே பிழையில்லை.

இந்நிலையை மாற்றியவர் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டானி பியாசோன். ஆட்டமொன்று 48 நிமிடம், அதாவது 2880 விநாடி, நல்ல ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 தடவை எறிகின்றன, வகுத்தால் 24. இவ்வளவுதான் அவருடைய கணக்கு. 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்தது. ஓர் அணியின் சராசரி 79.5 புள்ளியில் இருந்து ஒரே வருடத்தில் 93.1 ஆக உயர்ந்தது. வேகம் புள்ளிகளைக் கூட்டும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இரு அணிகளுக்கும் சேர்த்தே கூடியது.

இனி, வேகத்தையே மதமாகக் கொண்ட ஒருவரைப் பார்ப்போம். போல் வெஸ்ற்ஹெட் என்ற பயிற்றுநர் கலிபோர்ணியாவின் லொயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியை 1989-90 பருவத்தில் ஆட்டத்துக்கு 122.4 புள்ளி பெறவைத்தார். மாணவர் போட்டிகளில் அது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாத எதிரணிகள் பிற்பாதியில் மூச்சிரைத்து நின்றன. அடுத்த பருவத்திலேயே அவர் டென்வர் நகெற்ஸ் அணியின் பயிற்றுநராகி, அதே முறையைத் தொழில்முறை வீரர்களிடம் பரீட்சித்தார். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் உள்ள நகரம். மெல்லிய காற்றில் வந்தவர்கள் களைத்துவிடுவர் என்பது எதிர்பார்ப்பு.

விளைவு என்ன? 1990-91 பருவத்தில் டென்வர் ஆட்டத்துக்கு 119.9 புள்ளி பெற்றது. புள்ளி குவிப்பில் அதுவே முதலிடம். ஆனால் எதிரணிகளுக்கு அது கொடுத்தது 130.8. வென்றவை 20, தோற்றவை 62. நவம்பர் மாதத்து ஆட்டமொன்றில் பீனிக்ஸ் அணி டென்வருக்கு எதிராக முதற் பாதியில் மாத்திரம் 107 புள்ளிகளைக் குவித்தது.

இதிலே எமக்கு முக்கியமாகப்படுவது அந்த 119.9 என்ற எண்தான். டென்வர் ஆட்டத்துக்குச் சுமார் 114 வாய்ப்புகளைப் பெற்றது. ஏனைய அணிகளின் சராசரி சுமார் 98. பதினாறு வாய்ப்புகள் மேலதிகம். சராசரி அணியொன்றிடம் அந்தப் பதினாறையும் கொடுத்திருந்தால் அதுகூட 120ஐத் தாண்டியிருக்கும். அதாவது முதலிடம் பெற்ற அந்தத் தாக்குதல், நூறு வாய்ப்புக்குச் சுமார் 105 புள்ளி என்ற, சராசரிக்கும் குறைந்த தாக்குதலே. பத்திரிகையில் வரும் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வராது.

இதற்கு நேர்மாறான உதாரணம் 1995-96 பருவத்துச் சிக்காகோ புல்ஸ் அணி. மைக்கல் ஜோர்டனின் அணி என்றால் சிறு பிள்ளையும் அறியும். மொன்றியலிற் பிறந்த பில் வெனிங்ரன் அதில் ஆடியதை அறிந்தவர்கள் சிலரே. 72 ஆட்டங்களில் வென்று 10 ஆட்டங்களில் மாத்திரம் தோற்ற அவ்வணி ஆட்டத்துக்கு 105.2 புள்ளி பெற்று, அவ்வருடம் புள்ளியிலும் முதலிடத்தில் நின்றது. ஆனால் அது வேகமான அணியன்று. சுமார் 91 வாய்ப்புகளே. வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அணிகள் அதற்கு முன்னால் நின்றன. நூறு வாய்ப்புக்குச் சுமார் 115 புள்ளி. டென்வரை விட இருபதுக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் குறைவு; புள்ளிகளிலோ பதினைந்துதான் குறைவு.

அப்படியாயின் வேகத்தால் பயனே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. அதற்கும் ஒரு கனடியரே சாட்சி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்ரோரியாவில் வளர்ந்த ஸ்ரீவ் நாஷ் 2004இல் பீனிக்ஸ் சன்ஸ் அணியிற் சேர்ந்தார். முந்திய பருவத்தில் 29 ஆட்டங்களையே வென்றிருந்த அவ்வணி 2004-05இல் 62 ஆட்டங்களை வென்றது. பயிற்றுநர் மைக் டன்ரோனியின் விருப்பம், பந்து கைக்கு வந்து ஏழு விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது. ஆட்டத்துக்கு 110.4 புள்ளி, ஏனைய அணிகளின் சராசரி 97.2.

அந்தப் பதின்மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பிரித்துப் பார்ப்பது சுவையானது. சன்ஸ் அணிக்கு ஆட்டத்துக்கு ஐந்து வாய்ப்புகள் மேலதிகமாகக் கிடைத்தன. சராசரித் திறனோடு அவற்றால் கிடைத்திருக்கக்கூடியது ஐந்து புள்ளியளவே. மிகுதி எட்டும் ஒவ்வொரு வாய்ப்பையும் பிறரை விட நன்றாகப் பயன்படுத்தியதால் வந்தவை. இங்கே வேகம் திறனையும் உயர்த்தியது. காரணம், எதிரணியின் ஐவரும் திரும்பி ஓடி வந்து தத்தம் இடங்களிலே நின்று கைகளை உயர்த்தும் முன்னர் பந்து கூடையை அடைந்துவிடுகிறது. மூவர் வந்து சேர்ந்திருக்க, இருவர் இன்னும் வழியில் இருக்கும் அந்தச் சில விநாடிகளே கூடைப்பந்தாட்டத்தில் மிக இலாபகரமானவை. நாஷ் அவ்விநாடிகளில் தலையை நிமிர்த்தி ஓடினார். எவன் எங்கே நிற்கிறான் என்பதை ஓடும்போதே கண்டார். அவருக்கு வாய்த்த கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதுபோன்ற ஒருவர் இல்லாத அணி அதே வேகத்தில் ஓடினால் பந்து எதிரணியின் கையில்தான் போய்ச் சேரும். பதறிய காரியம் சிதறும் என்று எம் பெரியோர் சொல்லிவைத்தது கூடைப்பந்தாட்டத்தை மனதிற் கொண்டு அல்ல; ஆயினும் பொருந்துகிறது.

2023-24 பருவத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். வொஷிங்டன் விசார்ட்ஸ், இந்தியானா பேசர்ஸ் ஆகிய இரண்டும் அவ்வருடத்து அதிவேக அணிகள். இந்தியானா 123.3 புள்ளியுடன் முதலிடம் பெற்றது. வொஷிங்டன் 15 ஆட்டங்களை மாத்திரம் வென்றது. ஓட்டம் ஒன்று, பலன் வேறு. நூறு வாய்ப்புக் கணக்கிலோ இந்தியானாவையும் முந்தி நின்றது, அவசரமின்றி ஆடிய பொஸ்ரன் செல்ற்றிக்ஸ். இறுதிக்கு முந்திய சுற்றில் பொஸ்ரன் இந்தியானாவை நான்கு ஆட்டங்களிலும் வென்று, பின்னர் கிண்ணத்தையும் பெற்றது.

2025ஆம் ஆண்டு இறுதிச் சுற்றோ எமது நகரத்துக்கே உரியதாயிற்று. ஒக்லஹோமா சிற்றி தண்டர் அணியில் லூகென்ஸ் டோர்ட், இந்தியானா பேசர்ஸ் அணியில் பெனடிக்ற் மாதுரின். இருவரும் மொன்றியலின் வடபகுதியில், ஹெயிட்டியில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் வளர்ந்தவர்கள். நாம் ஏறி இறங்கும் அதே பேருந்துகளில் ஏறி இறங்கிய பிள்ளைகள். மூன்றாவது ஆட்டத்தில் மாதுரின் மாற்று வீரராக வந்து, 22 நிமிடங்களில் 27 புள்ளி பெற்று வெற்றி தேடிக் கொடுத்தார். டோர்ட்டின் பெருமை வேறு வகையானது. எதிரணியின் சிறந்த வீரரை மறித்து நிற்பதே அவர் தொழில்.

இரு அணிகளுமே விரைந்து ஆடுபவை. ஆயின் தண்டர் அணியினர் அப்பருவத்தில் பந்தைப் பறிகொடுப்பதில் மிகக் குறைந்தவர்களாகவும், பறித்தெடுப்பதில் மிக வல்லவர்களாகவும் விளங்கினர். அவர்களுடைய வேகம் பெரிதும் அங்கிருந்தே பிறந்தது. எதிரணி முன்னோக்கி வந்துகொண்டிருக்கையில் பறிக்கப்படும் பந்து, காவலற்ற கூடையை நோக்கிச் செல்லும் பந்தாகும். முதலாவது ஆட்டத்தின் முற்பாதியில் மாத்திரம் இந்தியானா 19 தடவை பந்தைப் பறிகொடுத்தது. ஆட்டம் முடிய 0.3 விநாடி இருக்கையில் ஹலிபேர்ட்டன் இட்ட கூடையால் 111க்கு 110 என்று தப்பிப் பிழைத்தது. ஏழாவது ஆட்டத்திலே தப்ப முடியவில்லை. ஹலிபேர்ட்டன் முதற் காற்பகுதியிலேயே காயமுற்று வெளியேற, இந்தியானா இருபதுக்கும் மேற்பட்ட தடவை பந்தை இழந்தது. 103க்கு 91 என்று தண்டர் அணி கிண்ணத்தை வென்றது.

எமது மண்டபங்களுக்குத் திரும்புவோம். இங்கே கடிகாரமும் கணினியும் கொண்டு எண்ணுவார் இல்லை. ஆனால் ஒரு பென்சிலும் தாளும் போதும். தாளில் நான்கு நிரல்களை வரைந்துகொள்க. எறிந்த தடவைகள், குறிதவறிய பின் நம்மவரே மீளப் பற்றியவை, பறிகொடுத்தவை, எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த தனி எறிகள். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதில் பாதிக்குச் சற்றுக் குறைய, அதாவது 0.44 பங்கை, சேர்த்தால் வாய்ப்புகளின் தொகை வந்துவிடும்.

விளக்கத்துக்காக எண்களை நாமே இட்டுக் காட்டுகிறோம். ஒரு வாரம் எமது பிள்ளைகள் ஓடி ஓடி ஆடி 64 தடவை எறிகின்றனர், 12ஐ மீளப் பற்றுகின்றனர், 20ஐப் பறிகொடுக்கின்றனர், தனி எறி 10. வாய்ப்புகள் 76. பெற்றது 46 புள்ளி, எதிரணி 58. அடுத்த வாரம் அதே எதிரணியுடன் நிதானமாக ஆடி 50 தடவை எறிந்து, 8ஐ மீளப் பற்றி, 10ஐப் பறிகொடுக்கின்றனர். தனி எறி முன்போல 10. வாய்ப்புகள் 56. பெற்றது 44 புள்ளி, எதிரணி 42. இரண்டு புள்ளி குறைந்தது; ஆட்டம் வென்றது. எதிரணியினர் ஒன்றும் மோசமாக ஆடவில்லை. இரு வாரங்களிலும் நூறு வாய்ப்புக்கு ஏறத்தாழ 75 என்ற அளவிலேயே ஆடினர். அவர்களுக்கு நாம் கொடுத்த வாய்ப்புகளே குறைந்தன. எமது வாய்ப்புகளை நாம் வீணாக்கியதும் குறைந்தது.

எதிரணி எம்மிலும் பலமானதாயின் நிதானத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. வாய்ப்புகள் பெருகப் பெருகத் திறமை தன் வேலையைக் காட்டிவிடும். குறைவாக இருந்தால் அதிர்ஷ்டத்துக்கும் சிறிது இடமிருக்கும். போர்ட் வெய்ன் அணியினர் செய்தது அதுவே. மாறாக, எமது பிள்ளைகளே பலமானவர்கள், மாற்று வீரர்களும் ஐந்தாறு பேர் உண்டு, எதிரணியிலோ ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் தாராளமாக ஓடலாம். பிற்பாதியில் அவர்களின் கால்கள் தளர்வது கண்ணுக்குத் தெரியும். ஆறு பேரோடு போனவர்கள் நாமென்றால் ஓடு என்று கத்துவது எதிரணிக்குச் செய்யும் உபகாரம்.

மெதுவாக ஆடுகிறான் என்று குறைகூறப்படும் பிள்ளையைப் பற்றி முதலிற் சொன்னோம். தாளிலே மூன்றாவது நிரலைப் பிள்ளைகளின் பெயர்வாரியாகக் குறித்து வந்தால், அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே கோடுகள் குறைவாக இருப்பதைப் பல தடவை காணலாம். மண்டபத்தைக் கைதட்ட வைக்கும் ஓட்டக்காரப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஏழெட்டுக் கோடுகள் விழுந்திருப்பதும் உண்டு. அவனையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதல்ல. பறித்த பந்தோடு ஓடும்போது அவனை விட்டுவிடலாம், கூடை விழுந்த பின் அடித்தளத்தில் இருந்து தொடங்கும்போது மற்றவனிடம் பந்தைக் கொடுக்கலாம். இதைத் தீர்மானிப்பது பயிற்றுநரின் வேலை. தாளை அவரிடம் ஆட்டம் முடிந்த பின்னர் கொடுக்கலாம், நடுவிலே அல்ல.